நூற்று நாற்பத்து நான்கு மணி

ஒரானியன்பர்க். வியாழக்கிழமை. காலை ஏழரை.
என் வேலை கதவு தட்டுவது.
நகராட்சி தந்த ஆரஞ்சுச் சட்டை,
முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்,
ஒரு மழுங்கிய பென்சில்.
"குண்டு. ஒன்பதுக்குள் கிளம்புங்கள்."
ஏன் என்று இங்கே யாரும் கேட்பதில்லை.
எத்தனை கிலோ என்றுதான் கேட்கிறார்கள்,
மீன் வாங்குகிறவர்களைப் போல.

இருநூற்றைம்பது, என்கிறேன்.
"சின்னதுதானே" என்று
பூனையைக் கூடைக்குள் அமுக்குகிறாள் குன்டுலா ஃபிரீஸ்.
அடுப்படியில் ரொட்டி மாவு,
ஈரத்துணிக்கு அடியில் உப்பிக்கொண்டிருக்கிறது.

போட்டவர்கள் யோசித்துத்தான் போட்டார்கள்.
எல்லாம் விழுந்தவுடன் வெடித்துவிட்டால்
ஓடியவர்கள் திரும்பி வந்துவிடுவார்களே,
தீயணைக்க, தண்டவாளம் முடுக்க,
இடிபாட்டுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட.
திரும்பி வருகிறவர்களுக்கென்று
சிலவற்றில் பொறுமையை அடைத்து அனுப்பினார்கள்.

வாலில் ஒரு காற்றாடி.
விழும் வேகத்தில் சுழன்று திருகை இறக்கும்.
திருகு ஒரு கண்ணாடிக் குப்பியை நொறுக்கும்.
குப்பிக்குள் அசிட்டோன்.
அது சொட்டிச் சொட்டி
ஒரு செல்லுலாய்டு வில்லையைத் தின்னும்.
வில்லை தாங்கும்வரை
சுருள்வில்லின் கோபம் ஊசி முனையில் நிற்கும்.
ஒரு மணி நேரம் தாங்கலாம்.
மிஞ்சினால் நூற்று நாற்பத்து நான்கு.
ஆறு நாள்.
உலகத்தைச் செய்யக் கடவுளுக்குப் போதுமாயிருந்த
அதே ஆறு நாள்.

ஆனால் எங்கள் ஊர் மணல்.
மேலே இளகல், கீழே கெட்டி.
துளைத்துப் போனது அடியில் முட்டி வளைந்து
மல்லாந்துவிட்டது.
மூக்கு வானத்தைப் பார்க்க, வால் கீழே.
அசிட்டோன் மறுபக்கம் வழிந்தது.
வில்லையைத் தொடுவது அதன் ஆவி மட்டும்.
ஆறு நாள் வேலை
எண்பது வருஷமாய் இழுக்கிறது.

குழிக்குள் இறங்கும் எக்கெஹார்ட் டோப்ரிக்
காலையில்தான் பல் டாக்டரிடம் போய் வந்திருந்தார்.
பாதி வாய் மரத்து, சொல் குழறியது.
"செத்துப் போகலை. வயசாகுது" என்றார்.
குண்டையா, தன்னையா, கேட்கவில்லை.
"இப்ப ஆவிகூட வேண்டாம்.
வில்லை காஞ்சு போச்சு. தானா உடையும்."
எச்சிலைத் துடைத்துக்கொண்டு போனார்.

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் எழுநூறு பேர்.
மேசைப்பந்து மட்டை கிடைத்தது, பந்து இல்லை.
அலமாரிக்குப் பின்னாலிருந்து
ஒரு பழைய டப்பாவை எடுத்துவந்தார் ஆசிரியர்.
இரண்டாவது ஆட்டத்திலேயே
டீலோ என்ற பொடியன் ஒன்றை மிதித்துவிட்டான்.
உடைந்ததை எடுத்துத் தேய்த்தேன்.
கற்பூர வாசனை.
செல்லுலாய்டு அப்படித்தான் மணக்குமாம்.

என் கைப்பையில்
நகச்சாயம் அழிக்கும் குப்பி இருந்தது.
எதற்கு என்று தெரியாமலே
உடைந்த ஓட்டின் மேல் இரண்டு சொட்டு விட்டேன்.
வெள்ளை மங்கியது.
பிறகு விளிம்பு குழைந்து, உள்பக்கம் தொங்கியது.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மிச்சத்தைப் பஞ்சில் நனைத்து
நகத்தைத் துடைக்க ஆரம்பித்தேன்.
மூன்றாவது விரலில் ஜன்னல்கள் அதிர்ந்தன.
பந்து மேசையிலிருந்து உருண்டு போனது.
யாரும் எடுக்கவில்லை.

கழற்ற முடியவில்லை,
மணல்மூட்டை அடுக்கி வெடிக்க வைத்துவிட்டோம் என்று
நாலு நிமிஷம் கழித்துத் தொலைபேசி வந்தது.
எக்கெஹார்டின் குரல்தான்.
மரப்பு விட்டிருந்தது, வலிக்கிறது என்றார்.
அந்த நாலு நிமிஷத்தைப் பற்றி
என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

மாலை. குன்டுலாவின் மாவு
பாத்திரத்தைத் தாண்டி வழிந்து மேசையில் காய்ந்திருந்தது.
சுரண்டிக்கொண்டே கேட்டாள், அடுத்தது எப்போது?

அடுத்த வியாழன். ஐந்நூறு கிலோ.
புதிய பட்டியலில் எழுபத்தெட்டாவது என் வீடு.
பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.
மூன்று விரலில் சாயமில்லை,
ஏழில் சிவப்பு.